முதல் பவுடர் தராசு: எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது

கேள்வி: 9 எம்.எம். பிஸ்டலுக்கும் .308 வின்செஸ்டர் ரைஃபிளுக்கும் வீட்டிலேயே தோட்டா மறுநிரப்பத் தொடங்கப்போகிறேன். உரிமம், அனுமதி எல்லாம் முறையாக இருக்கின்றன. பிரஸ், டை (தோட்டாவை அழுத்தி வடிவமைக்கும் கருவிகள்), பவுடர் எனும் வெடிமருந்தின் அளவுகள் உள்ள கையேடு வாங்கியாயிற்று. தராசில்தான் குழப்பம். பீம் தராசா (தண்டில் எடையை நகர்த்திச் சமன்செய்வது), டிஜிட்டலா? 0.1 கிரெய்ன் போதுமா, ரைஃபிளுக்கு 0.02 கிரெய்ன் காட்டும் தராசு வேண்டுமா? நகை எடை போடும் சிறிய பாக்கெட் தராசு ஒன்று கையில் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாமா? கிளப்பில் ஒருவர் தன் பழைய பீம் தராசைத் தருவதாகச் சொல்கிறார். அதை எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 0.1 கிரெய்ன் வரை காட்டும், காந்தத் தணிப்பு உள்ள பீம் தராசு ஒன்று; அதோடு ஒரு பெட்டி எடைக்கற்கள். இதுதான் உங்கள் முதல் கொள்முதலாக இருக்க வேண்டும். பணம் இரண்டுக்கும் சேர்ந்து போதவில்லை என்றால் மலிவான தராசும் நல்ல எடைக்கற்களும் வாங்குங்கள். விலை கூடிய தராசை எடைக்கல் இல்லாமல் வாங்க வேண்டாம். 0.02 கிரெய்ன் தராசு இப்போது தேவையில்லை. பாக்கெட் தராசு அநேகமாக உதவாது. ஏன் என்று கீழே பார்ப்போம்.

கணக்கிலிருந்து தொடங்கலாம். ஒரு கிரெய்ன் என்பது 64.8 மில்லிகிராம். ஒரு கிராமுக்கு 15.43 கிரெய்ன், ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். அப்படியானால் 0.1 கிரெய்ன் என்பது வெறும் 6.5 மில்லிகிராம். ரைஃபிளுக்கான குச்சி வடிவப் பவுடரில் ஒரு துணுக்கு ஏறக்குறைய 0.02 கிரெய்ன் இருக்கும். ஆக, நான்கைந்து துணுக்கு கூடினாலோ குறைந்தாலோ உங்கள் தராசு கண்டுபிடிக்க வேண்டும்.

ரைஃபிளுக்குத்தான் நுட்பமான தராசு வேண்டும் என்று நீங்கள் நினைப்பது உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது. பாதுகாப்பு என்ற கோணத்தில் அது தலைகீழ். .308-க்கு 42 கிரெய்ன் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் 0.1 கிரெய்ன் பிழை கால் சதவீதம்கூட இல்லை. குண்டின் வேகத்தில் விநாடிக்கு ஆறு அடி போல மாறும், அவ்வளவுதான். கையேட்டில் தொடக்க அளவுக்கும் உச்ச அளவுக்கும் நடுவே நான்கு கிரெய்ன் இடைவெளி இருக்கும். ஆனால் 9 எம்.எம்.முக்கு மொத்த மருந்தே நான்கு, ஐந்து கிரெய்ன்தான். 4.5 கிரெய்னில் அதே 0.1 பிழை இரண்டு சதவீதத்தைத் தாண்டுகிறது. பல பவுடர்களில் தொடக்கத்துக்கும் உச்சத்துக்கும் இடையே உள்ள தூரம் அரை கிரெய்னை ஒட்டியே இருக்கும். தராசு 0.2 கிரெய்ன் பொய் சொன்னால், அந்த இடைவெளியில் ஏறக்குறைய பாதியை உங்களுக்குத் தெரியாமலே தின்றுவிடும். அதனால் எந்தத் தராசையும் சோதிக்கும்போது 4 கிரெய்ன் பக்கத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் முதலில் பாருங்கள். (இங்கே சொல்லும் எடைகள் எல்லாம் கணக்கை விளக்க மட்டுமே. நீங்கள் போடும் அளவு உங்கள் பவுடர், உங்கள் குண்டு இரண்டுக்கும் பொருந்தும் கையேட்டுப் பக்கத்திலிருந்து மட்டும் வர வேண்டும்.)

இப்போது பாக்கெட் தராசு. அதன் முதுகில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். “200 கிராம், 0.01 கிராம்” என்று இருந்தால் அதை ஓரமாக வைத்துவிடலாம். 0.01 கிராம் என்பது 0.154 கிரெய்ன். கிரெய்னுக்கு மாற்றினால் திரையில் தசமப் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் வரும்தான். ஆனால் உள்ளே எண் ஏறும் படி, அதே 0.154 கிரெய்ன், மாறுவதில்லை. 4.5, 4.6, அடுத்து நேராக 4.8. நடுவில் 4.7 வரவே வராது. திரை 0.1 கிரெய்ன் தராசு போலத் தோன்றும், வேலை அதைவிட முரட்டுத்தனம். இந்த ஒரு விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் நிறைய.

“20 கிராம், 0.001 கிராம்” அல்லது “50 கிராம், 0.001 கிராம்” என்று இருந்தால் கதை கொஞ்சம் வேறு. ஒரு மில்லிகிராம் படி என்பது 0.015 கிரெய்ன், காகிதத்தில் மிக நல்ல எண். ஆனால் இந்த விலையில் உள்ளே இருப்பது வளைவை மின்தடையாக அளக்கும் சிறிய லோட் செல். சூடேறினால் நகரும், மின்விசிறிக் காற்றுக்கு ஆடும், பேட்டரி தளர்ந்தால் வேறு எண் காட்டும். தட்டும் சிறியது. இன்னொரு தராசைச் சரிபார்க்கும் இரண்டாவது கருவியாக, எடைக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பயன்படுத்தலாம். ஒரே தராசாக வேண்டாம்.

தராசு உண்மையிலேயே 0.1 கிரெய்னை உணர்கிறதா என்று பார்க்கக் காசு செலவில்லாத வழி ஒன்று உண்டு. அச்சுப்பொறிக்குப் போடும் 80 ஜி.எஸ்.எம். காகிதத்தை எடுத்து 9 மில்லிமீட்டருக்கு 9 மில்லிமீட்டர் சதுரமாக வெட்டுங்கள். சதுர மீட்டருக்கு 80 கிராம் என்றால் 81 சதுர மில்லிமீட்டருக்கு 6.48 மில்லிகிராம், அதாவது 0.1 கிரெய்ன். காகிதத்தின் எடை ஈரப்பதத்தாலும் உற்பத்தியாலும் சில சதவீதம் மாறும். வெட்டும்போது நீளத்திலும் அகலத்திலும் அரை மில்லிமீட்டர் பிசகினாலே பத்து சதவீதம் போய்விடும். ஆகையால் இது எடைக்கல் அல்ல, உணர்திறன் சோதனை மட்டுமே. இப்படிப் பத்துச் சதுரங்கள் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் 2 கிராம் எடைக்கல்லை வைத்து, அதன்மேல் ஒவ்வொரு சதுரமாக, சில விநாடி இடைவெளி விட்டுப் போடுங்கள். ஐந்து சதுரம் போட்டபின் தராசு 0.5 கிரெய்ன் ஏறியிருக்க வேண்டும்.

டிஜிட்டல் தராசு பல இங்கேதான் தோற்கும். ஐந்து சதுரம் போட்டும் எண் 0.1 அல்லது 0.2 மட்டுமே ஏறியிருக்கும். சிலவற்றில் அசையவே அசையாது. பழுது என்று நினைக்காதீர்கள். வெப்பத்தால் வரும் மெதுவான நகர்வை மறைப்பதற்காக, மிகச் சிறிய, மெதுவான மாற்றங்களைத் தராசின் மென்பொருளே விழுங்கிவிடுகிறது. டிரிக்லர் எனும் சிறு குழாயைச் சுழற்றித் துணுக்கு துணுக்காகப் பவுடர் விழவிடும்போது நீங்கள் செய்வதும் அதே மெதுவான மாற்றம்தான். பவுடர் ஏறுகிறது, எண் ஏறவில்லை, நீங்கள் இன்னும் சுழற்றுகிறீர்கள். முடிவில் கூடுதலாகப் போட்டிருப்பீர்கள். பிழை ஆபத்தான பக்கத்துக்கே போகிறது. இந்தக் குணம் உள்ள தராசை வைத்து வேலை செய்தே ஆக வேண்டுமென்றால், இலக்குக்கு 0.2 குறைவாக நிறுத்தி, தட்டைத் தூக்கி மறுபடி வைத்து, புதிதாக வரும் எண்ணைப் படியுங்கள். கடைசித் துணுக்கு விழுந்தபின் மறுபடி ஒருமுறை தூக்கி வையுங்கள்.

டிஜிட்டலில் இன்னொரு பொறி, அளவை மாற்றும் பொத்தான். பெரும்பாலான தராசுகள் கிராம், கேரட், அவுன்ஸ், கிரெய்ன் என்று சுற்றி வரும். அலகின் குறியீடு திரையின் மூலையில் எறும்பளவு இருக்கும். கிராமில் மாறிவிட்டால் பிழை கண்ணில் பட்டுவிடும், ஏனென்றால் 4.5 கிராம் பவுடர் என்பது 9 எம்.எம். கேஸில் (தோட்டாவின் உலோகக் கூட்டில்) அடங்கவே அடங்காத குவியல். கேரட்தான் மோசம். ஒரு கேரட் 0.2 கிராம், அதாவது 3.09 கிரெய்ன். எண்ணை மட்டும் பார்த்துப் போடுகிறவர் மூன்று மடங்கு போட்டுவிடுவார். .38 ஸ்பெஷல் போன்ற நீளமான கேஸில் அளவு மீறிய மருந்து வழியாமல் உட்கார்ந்துவிடும். டிஜிட்டல் வாங்கினால் கிரெய்ன் அலகில் பூட்டி வைக்கும் வசதி உள்ளதா, அணைத்து எழுப்பினாலும் கிரெய்னிலேயே எழுகிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் எடைக்கல்லை வைத்துத் தொடங்கினால் இந்தப் பிழை தானாகவே பிடிபட்டுவிடும் என்பதையும் கவனியுங்கள்.

எடைக்கல் பற்றி இப்போது விரிவாகச் சொல்ல வேண்டும். டிஜிட்டல் தராசோடு 20 கிராம் அல்லது 50 கிராம் அளவுத்திருத்தக் கல் ஒன்று வரும். அதை வைத்துத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிட்டது என்ற எண்ணம் வருவது இயல்பு. 50 கிராம் என்பது 771.6 கிரெய்ன். தராசு அந்த உச்சியையும் சுழியையும் சரிசெய்துகொண்டது, நல்லது. உங்கள் 4.5 கிரெய்ன் அந்த நீளத்தில் ஒரு சதவீதம்கூட ஏறாத இடத்தில் இருக்கிறது. அங்கே தராசு நேராக நடக்கிறதா என்பதை மேலே இருக்கும் கல் சொல்லாது. நீங்கள் போடப்போகும் அளவுக்குப் பக்கத்திலேயே ஒரு கல் வேண்டும்.

சர்வதேசச் சட்டமுறை எடையளவு அமைப்பின் வகைப்பாட்டில் எம்1, எஃப்2, எஃப்1 என்று எடைக்கற்களுக்குத் தரம் உண்டு. உங்கள் வேலைக்கு எம்1 போதும். எம்1-ல் 2 கிராம் கல்லுக்கு அனுமதிக்கப்பட்ட பிழை 1.2 மில்லிகிராம், அதாவது 0.02 கிரெய்னுக்குள். எஃப்2-ல் அதே கல்லுக்கு 0.4 மில்லிகிராம். வாங்க முடிந்தால் எஃப்2 நல்லது, கட்டாயமில்லை. 100 மில்லிகிராம் முதல் 5 கிராம் வரை உள்ள பெட்டி ஒன்று எல்லாத் தேவைக்கும் வரும்:

100 மில்லிகிராமும் 200 மில்லிகிராமும் சேர்ந்தால் 4.63 கிரெய்ன். 9 எம்.எம்.முக்கு இதுவே கச்சிதம்.
500 மில்லிகிராம், 7.72 கிரெய்ன்.
2 கிராம், 500 மில்லிகிராம், 200 மில்லிகிராம் மூன்றும் சேர்ந்தால் 41.67 கிரெய்ன். .308-க்கு.
5 கிராம், 77.16 கிரெய்ன்.

கிரெய்ன் அளவிலேயே செய்த எடைக்கற்களும் மறுநிரப்புவோருக்கென்று விற்கின்றன. கணக்குப் போடும் வேலை மிச்சம். ஆனால் பெட்டியில் அனுமதிப் பிழை எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், எழுதாததை வாங்க வேண்டாம். கற்களை விரலால் தொடாதீர்கள். விரல் ரேகையில் ஒட்டும் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் சிறிய கல்லின் எடையை மாற்றும், நாளடைவில் அரிக்கவும் செய்யும். பிளாஸ்டிக் முனை உள்ள இடுக்கியால் எடுத்து, முடிந்ததும் பெட்டிக்குள். தகடு வடிவ மில்லிகிராம் கற்களில் வளைத்துவிட்ட மூலை ஒன்று இருக்கும், அதைப் பிடித்துத் தூக்கத்தான்.

“என்னிடம் 124 கிரெய்ன் குண்டு இருக்கிறதே, அதை வைத்துச் சரிபார்க்கலாமே” என்று தோன்றலாம். பெட்டியில் அச்சிட்ட எடை குண்டுக்குக் குண்டு மாறும், அதனால் அந்த எண் சான்றாகாது. ஆனால் ஒரு குண்டை எடைக்கல்லால் சரிபார்த்த தராசில் நிறுத்து, வந்த எண்ணை ஒரு சிறிய டப்பாவின் மேல் எழுதி, குண்டை அதற்குள் போட்டு வைத்தால் அது அன்றாடச் சோதனைக்குப் பயன்படும். எடைக்கற்கள் தேயாமல் பார்த்துக்கொள்ள நல்ல வழி.

பீம் தராசை ஏன் முதலில் சொன்னேன்? அது ஈர்ப்பு விசையை மட்டும் நம்புகிறது. கத்தி விளிம்பு போன்ற எஃகு முனை, அகேட் கல்லில் வெட்டிய பள்ளத்தில் அமர்ந்திருக்கிறது. தண்டின் முனையில் உள்ள செம்பு அல்லது அலுமினியத் தகடு இரண்டு காந்தங்களுக்கு நடுவே ஆடும்போது தகட்டில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, ஆட்டத்தை அடக்குகிறது. தகடு நின்றுவிட்டால் அந்த மின்னோட்டமும் இல்லை. அதனால் தணிப்பு ஆட்டத்தைக் குறைக்குமே தவிர, முள் நிற்கும் இடத்தை மாற்றாது. மின்சாரம் வேண்டாம், சூடேற்றும் நேரம் வேண்டாம், கைப்பேசி பக்கத்தில் இருந்தால் கவலையில்லை. துணுக்கு துணுக்காக விழும் பவுடரை அது மென்பொருள் வைத்து விழுங்காது. ஒவ்வொரு துணுக்குக்கும் முள் அசையும். பராமரித்தால் உங்களுக்குப் பிறகும் ஒருவர் பயன்படுத்துவார்.

அதன் குறை வேகம்தான். ஒவ்வொரு சார்ஜுக்கும் (ஒரு தோட்டாவுக்கான பவுடர்) முள் நிற்கும் வரை பார்த்திருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்த மெதுவே நல்லது என்பது என் கருத்து. வேகம் வேண்டும் என்ற அவசரம் முதல் வருடத்தில் யாருக்கும் தேவையில்லை.

பீம் தராசில் நடக்கும் பிழைகளும் வேறு மாதிரி. தண்டில் உள்ள வெட்டுகளில் அமரும் பெரிய நகரும் எடை ஒரு வெட்டு தள்ளி உட்கார்ந்தால் சில தராசுகளில் 5 கிரெய்ன், சிலவற்றில் 10 கிரெய்ன் பிழை. 0.1 கிரெய்னைத் தேடிக்கொண்டிருக்கும் கண் பெரிய எடையைப் பார்க்கவே மறந்துவிடும். வெட்டுக்குள் முழுதாக விழாமல் விளிம்பில் நிற்கும் எடையும் அப்படியே. அளவை அமைத்தபின் கையேட்டை மறுபடி பார்த்து எண்ணை வாய்விட்டுப் படியுங்கள், பிறகு அதே எடைக்கு எடைக்கல் வைத்து முள் நடுவில் நிற்கிறதா பாருங்கள். வேலையின் நடுவில் தட்டு இடறினாலோ தண்டில் கை பட்டாலோ மறுபடி முதலிலிருந்து.

கண் மட்டம் முக்கியம். மேலிருந்து குனிந்து பார்த்தால் முள் கோட்டுக்கு மேலேயோ கீழேயோ நிற்பதாகத் தோன்றும். தராசை மேசையில் வைக்காமல், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில் சுவரில் ஒரு தட்டுப்பலகை அடித்து அதன்மேல் வையுங்கள். இதில் இரண்டாவது லாபமும் உண்டு: பிரஸ்ஸின் கைப்பிடியை இழுக்கும்போது வரும் அதிர்வு தராசுக்குப் போகாது. உயரம் சரிப்படாதவர்கள் கைப்பேசிக் கேமராவை முள்ளுக்கு நேராக நிறுத்தித் திரையில் பார்க்கிறார்கள், அதுவும் சரிதான். பலகையை மட்டமாக அடித்து, தராசை வைக்கும் இடத்தைப் பென்சிலால் சுற்றிக் குறித்துவிடுங்கள். அங்குலம் நகர்த்தினாலும் சுழி மாறலாம். காலியான தட்டோடு சுழிக்குத் திருகுவது ஒவ்வொரு அமர்வின் முதல் வேலை.

கத்தி விளிம்புக்கு எண்ணெய் போடவே போடாதீர்கள். தூசி அதில் ஒட்டிப் பசையாகி, முள் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும். மென்மையான தூரிகை, அல்லது ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சி போதும். காந்த இடுக்கில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தால் தகடு அதில் உரசும். ஒட்டும் டேப்பை மடித்து உள்ளே விட்டு எடுத்தால் வந்துவிடும்.

டிஜிட்டலே வேண்டும் என்று முடிவெடுத்தால் அதற்கும் ஒழுங்கு உண்டு. வேலை தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்னே இயக்கிவிடுங்கள், சுவர் மின்சாரத்தில் ஓடும் மாடலாகப் பாருங்கள். மின்விசிறியையும் குளிர்சாதனத்தின் காற்று வரும் பக்கத்தையும் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் புனல், பிளாஸ்டிக் தட்டு இரண்டும் நிலைமின்சாரம் சேர்க்கும்; உலர்ந்த காற்றில் அது எண்ணை அலைய வைக்கும், பவுடரையும் புனலில் ஒட்ட வைக்கும். உலோகத் தட்டு நல்லது. கைப்பேசியை அடுத்த மேசைக்கு அனுப்புங்கள். எல்லாவற்றையும்விடப் பயனுள்ள ஒரு பழக்கம்: தட்டோடு சுழியாக்கியபின் தட்டைத் தூக்கினால் திரையில் ஒரு கழித்தல் எண் வரும், உதாரணத்துக்கு −152.4. அந்த எண்ணை ஒரு டேப் துண்டில் எழுதித் தராசின் முகத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொரு முறை தட்டைத் தூக்கிப் பவுடரைக் கேஸில் கொட்டும்போதும் அதே எண் வருகிறதா என்று கண் ஓட விடுங்கள். −152.6 என்று மாறினால் தராசு நகர்ந்துவிட்டது, அல்லது தட்டில் ஏதோ ஒட்டியிருக்கிறது. கடைசியாக எடைக்கல் சரிபார்த்த இடத்துக்குத் திரும்பிப் போய் அந்தச் சார்ஜுகளை மறுபடி நிறுக்க வேண்டும்.

கொள்ளளவைப் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டாம். பவுடருக்கு மட்டும் என்றால் 100 கிரெய்ன் போதும். குண்டு, கேஸ் இவற்றையும் நிறுத்துப் பிரிக்க ஆசைப்பட்டால் 500 கிரெய்ன் எல்லாவற்றுக்கும் வரும், நிரப்பி முடித்த.308 தோட்டா முழுதாகவே அதற்குள் அடங்கும்.

எல்லாச் சார்ஜையும் தராசிலேயே நிறுக்க வேண்டுமா என்றால், பிஸ்டலுக்கு வேண்டியதில்லை. 9 எம்.எம்.முக்குப் பவுடர் மெஷர் எனும் சுழல் அளவியில்தான் பெரும்பாலோர் போடுகிறார்கள். அளவியைத் திருத்தத் தராசு வேண்டும். முதலில் ஏழெட்டுத் தடவை இழுத்து அந்தப் பவுடரைத் திரும்பக் கொட்டிவிடுங்கள், உள்ளே பவுடர் அமர்வதற்கு. பிறகு பத்துச் சார்ஜை ஒரே தட்டில் விழவிட்டு மொத்தமாக நிறுத்துப் பத்தால் வகுங்கள். மொத்தம் 45.0 வந்தால் சராசரி 4.50, தராசின் 0.1 பிழை இப்போது சார்ஜுக்கு 0.01 ஆகிவிட்டது. சாதாரணத் தராசை வைத்தே நுட்பமான தராசின் வேலையை வாங்கும் வழி இது. ஆனால் சராசரி மட்டும் பார்த்தால் ஒன்று 4.2, மற்றொன்று 4.8 என்று ஏறி இறங்குவது மறைந்துபோகும். ஆகவே ஐந்தாறு சார்ஜைத் தனித்தனியாகவும் நிறுத்துப் பாருங்கள். நிரப்பும்போது பத்துக்கு ஒன்று எடுத்து நிறுங்கள்.

0.02 கிரெய்ன் தராசு என்று நீங்கள் கேட்பது அநேகமாக மின்காந்த விசையால் எடையைச் சமன்செய்யும் ஆய்வகத் தராசு. அருமையான கருவி, ஒரு துணுக்கைக் காட்டும், துணுக்கு துணுக்காகப் போடும்போது பின்தங்காது. 600 மீட்டருக்கு அப்பால் சுட்டு, செங்குத்துச் சிதறலைக் குறைக்கப் போராடுகிறவருக்கு அதில் பொருள் உண்டு. தொடக்கத்தில் உங்கள் கேஸ்களின் கழுத்து இறுக்கமும் கேஸுக்குக் கேஸ் மாறும் உள்ளளவும் தரும் வேக வேறுபாடு, 0.1 கிரெய்ன் தரும் ஆறு அடியைவிடப் பெரிதாக இருக்கும். குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி வாங்கி, மற்ற எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தியபின் மிச்சம் நிற்கும் வேறுபாடு தராசால்தான் என்று தெரிந்தால் அப்போது வாங்குங்கள். தானாகவே நிறுத்துக் கொட்டும் மின்னணுக் கருவிகளும் அப்படித்தான். அவற்றின் உள்ளே இருப்பதும் சோதிக்க வேண்டிய ஒரு தராசுதான், வசதி மட்டும் கூடுதல்.

இரண்டு தராசு வைத்திருந்தால் ஒருநாள் இரண்டும் இரண்டு எண் சொல்லும். சராசரி எடுக்காதீர்கள். எடைக்கல்லை இரண்டிலும் வைத்து, பொய் சொல்வதை மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தராசால் பிடிக்க முடியாத பிழைகள் இரண்டு உண்டு, அவை பெரியவை. ஒன்று தவறான பவுடர்: வேகமாக எரியும் பிஸ்டல் பவுடரை 42 கிரெய்ன் நிறுத்தாலும் தராசு சரியாகவே 42 என்று காட்டும், துப்பாக்கி சிதறும். மேசையில் எப்போதும் ஒரே ஒரு பவுடர் டப்பா, அதுவும் அதன் சொந்த லேபிளோடு. அமர்வு முடிந்ததும் அளவியில் மிஞ்சியதை அதே டப்பாவுக்குத் திருப்புங்கள். இன்னொன்று ஒரே கேஸில் இரண்டு முறை கொட்டுவது. நிரப்பிய கேஸ்களைப் பலகைக் குழிகளில் வரிசையாக நிறுத்தி, குண்டு பதிக்கும் முன் டார்ச் அடித்து எல்லாவற்றிலும் பவுடர் மட்டம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய சார்ஜை எப்போதும் கையேட்டின் தொடக்க அளவிலிருந்து ஏற்றுங்கள், உச்சத்திலிருந்து இறக்காதீர்கள்.

கடைசியாக அந்தப் பழைய பீம் தராசு. கிளப்பிலேயே சோதிக்கலாம், எடைக்கல் பெட்டியையும் ஒரு பூதக்கண்ணாடியையும் எடுத்துப் போங்கள். முதலில் தண்டைத் தூக்கிக் கத்தி விளிம்பைப் பாருங்கள். மழுங்கலோ சில்லு பெயர்ந்த தடமோ துருவோ இருந்தால் அங்கேயே முடிந்தது. அகேட் பள்ளத்தில் விரிசல் இருந்தாலும் அப்படியே. தட்டு அந்தத் தராசோடு வந்ததுதானா என்று கேளுங்கள். தட்டு மாறிப்போயிருந்தால் சுழித் திருகு எட்டாது. பல மாடல்களில் தட்டு தொங்கும் பிடியின் அடியில் சிறிய அறையும் அதற்குள் எடை சரிசெய்யும் ஈயத் துண்டுகளும் இருக்கும். யாரோ திறந்து கொட்டியிருந்தாலும் இதே தொல்லை வரும், ஆனால் இது சரிசெய்யக்கூடியது.

அடுத்து சுழிக்குத் திருகி, தண்டை விரலால் மெல்ல அழுத்தி விடுங்கள். இரண்டு மூன்று ஆட்டத்தில் அடங்கி அதே கோட்டில் நிற்க வேண்டும். மேலே தள்ளிவிட்டும் கீழே தள்ளிவிட்டும் பத்து முறை செய்யுங்கள். மேலிருந்து வரும்போது ஓரிடம், கீழிருந்து வரும்போது வேறிடம் என்றால் எங்கோ உராய்வு இருக்கிறது. தூசியாக இருக்கலாம், சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். காகிதச் சதுரம் ஒன்றைத் தட்டில் போட்டால் முள் கண்ணுக்குத் தெரியும்படி நகர வேண்டும், எடுத்தால் திரும்ப வேண்டும். பிறகு 4.63, 7.72, 30.86, 41.67 கிரெய்னுக்கு எடைக்கற்களை வைத்து நகரும் எடைகளால் சமன்செய்து படியுங்கள். நான்கிலும் 0.1-க்குள் வந்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், புதிதைவிடக் குறைந்ததல்ல. நான்கிலும் ஒரே அளவு கூடவோ குறையவோ காட்டினால் சுழி சரியாக அமையவில்லை, திருத்திவிட்டு மறுபடி நிறுங்கள். சிறிய எடையில் சரியாக இருந்து பெரிய எடையில் விலகினால் பெரிய நகரும் எடையின் வெட்டுகளில் அழுக்கோ சிராய்ப்போ இருக்கும்; துடைத்தும் சரிவரவில்லை என்றால் 9 எம்.எம்.முக்குக்கூட அதை வாங்க வேண்டாம், இலவசமாகத் தந்தாலும்.